உன் மாமனார் வரவேண்டாம் என்ற காலம்

தம்பி,

உன் குரல்பதிவு வந்து இன்றைக்கு ஒன்பது நாள். ஒரு நிமிடம்கூட நீளமில்லை. தொடக்கத்தில் யாரோ கோப்பை கழுவுகிற சத்தம், பிறகு நீ. "அப்பா, நாலு தரம் கேட்டிட்டன். இதுதான் கடைசி. எந்தக் காலம் வந்தால் உங்களுக்கு நல்லம் எண்டு நீங்களே யோசிச்சுச் சொல்லுங்கோ. இனி நான் கேக்கமாட்டன்." கோபத்தில் கத்தியிருந்தாயானால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும். நானும் திருப்பிக் கத்தியிருப்பேன். இரண்டு கிழமை முகத்தைத் தூக்கி வைத்திருந்துவிட்டுப் பழையபடி கதைத்திருப்போம். நீ கத்தவில்லை. கடையில் சாமான் முடிந்துவிட்டது என்று கேட்டுத் தெரிந்துகொண்டு போகிற ஆளைப்போலச் சொன்னாய். உன் அம்மா அதை மூன்று தரம் போட்டுக் கேட்டாள். பிறகு ஃபோனைக் கொண்டுவந்து என் தேத்தண்ணிக்குப் பக்கத்தில் வைத்து, "இதுக்கும் ஏதாவது மழை வெய்யிலைச் சாட்டுங்கோ பாப்பம்," என்றாள்.

அதுதான் எழுதுகிறேன். ஃபோனில் கதைத்தால் நான் பொய் சொல்லிவிடுவேன், அது எனக்கு நன்றாகத் தெரியும். நீ சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்தை ஆறாம் வகுப்போடு விட்டவன், எழுத்துக்கூட்டித்தான் வாசிப்பாய், ஒரு பக்கத்துக்கு அரை மணித்தியாலம் எடுப்பாய் என்பதும் தெரியும். எடு. அவ்வளவு நேரமாவது என்னோடு இரு. அங்கே மற்றவர்களோடு திரிகிற நேரத்தில் அதைக் கழித்துவிட்டுத் தா. உன் அம்மா இதை அனுப்புவதற்கு முதல் வாசிப்பாள், வாசித்துவிட்டு ஞாயிறு பூசை முடிய இன்னும் நாலு பேருக்குக் காட்டுவாள். காட்டட்டும். பிள்ளை வரச்சொல்லிக் கூப்பிட்டும் போகாமல், "இப்ப அங்க சீசன் சரியில்லையாம்" என்று சொல்லித் திரிகிற தகப்பன் மொன்றியல் பார்க் எக்ஸ்டென்ஷனில் நான் ஒருவன் மட்டும் இல்லை.

வெய்யில் நாடுகளுக்கு எந்தக் காலத்தில் போவது நல்லது என்பதில் இந்த ஊரில் என்னை மிஞ்ச ஆளில்லை, அதை முதலில் சொல்லிவிடுகிறேன். டோர்வல் விமான நிலையத்தில் இருபத்தாறு வருடம் பெட்டி ஏற்றி இறக்கியவன் நான். நவம்பர் முடிய ஆட்கள் தெற்கே பறக்கத் தொடங்குவார்கள். போகிறபோது வெள்ளையாகப் போய் வருகிறபோது சிவப்பாக வருவார்கள், பெட்டிச் சில்லுகளுக்குள் மணல் இருக்கும். மே மாதம் வருகிற பெட்டியில் ஈரத்துணி மணம் அடித்தால் அங்கே மழை பிடித்துவிட்டது என்று எனக்குத் தெரியும். பூசை முடிந்து வெளியே வந்தால், "அண்ணை, பிள்ளையளோட எங்கயாவது கடற்கரைப் பக்கம் போவம் எண்டு இருக்கிறம், எப்ப போறது நல்லம்?" என்று கேட்க இரண்டு பேராவது நிற்பார்கள். நானும் அந்த நாடெல்லாம் சுற்றி வந்தவன் மாதிரிக் கையைக் கட்டிக்கொண்டு, "ஜனவரிக் கடைசி. அதுக்கு முந்தி வேண்டாம்," என்பேன். ஒரு நாட்டுக்கும் நான் போனதில்லை. யாருடைய பெட்டியாவது தொலைந்தாலும் எனக்குத்தான் ஃபோன் அடிப்பார்கள். "அண்ணை, பெட்டி வரேல்லை, ஒருக்காப் பாருங்கோ" என்று ஒரு குரல் கேட்டால் போதும், எனக்கு ஒரு சாண் உயரம் கூடிவிடும். அதைத் தேடிக் கண்டுபிடித்துவிட்டுத்தான் சாப்பிடுவேன்.

அப்படிப்பட்ட எனக்கு, நீ கூப்பிடுகிற கொலம்பியாவுக்கு மட்டும் ஒரு மாதமும் பொருந்தி வரவில்லை. பவோலாவை நீ இங்கே எங்கள் கோயிலில் வைத்துத்தான் கட்டினாய். அவளுடைய தகப்பனுக்கு விசா கிடைக்கவில்லை. கொம்பியூட்டர் வேலையை எங்கேயிருந்தும் செய்யலாம் என்று சொல்லி, அடுத்த மாதமே பெரெய்ராவுக்குப் பக்கத்தில் அவருடைய வீட்டுக்குப் போய்விட்டாய். நீ போன அந்த வருடமே டிசம்பரில் நத்தாருக்கு வரச்சொன்னாய். அப்போது மழை ஓய்ந்துவிடும், மலையெல்லாம் தெளிவாகத் தெரியும் என்றாய். விமான நிலையத்தில் நத்தாருக்கு லீவு தரமாட்டார்கள் என்றேன். நான் கேட்கவே இல்லை, தம்பி. கேட்டிருந்தால் தந்திருப்பார்கள். அடுத்த வருடம் ஜூலை என்றாய், அதுவும் அங்கே காய்ந்த காலம். "மொன்றியலில இருக்கிற ரெண்டு மாச வெய்யிலையும் விட்டிட்டு ஆரடா வருவான்?" என்று சிரித்தேன். அந்த இரண்டு மாதமும் பல்கனியில் கதிரையைப் போட்டு உன் படங்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வேலையிலிருந்து ஓய்வெடுத்த பிறகு பெப்ரவரிக்குக் கூப்பிட்டாய். முழங்கால் நோகிறது என்றேன். உன் அம்மா, "நீங்கள் முழங்காலைப் பாத்துக்கொண்டு இருங்கோ," என்று சொல்லிவிட்டுத் தனியாகப் போய் வந்தாள். நான் தனியே இருந்து பாணும் சம்பலும் தின்றேன்.

போதும். உண்மையைச் சொல்கிறேன். எனக்குப் பொறாமை. வயிற்றெரிச்சல். அறுபத்துநாலு வயதில் இதை எழுத வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் அதற்கு வேறு பெயர் இல்லை. உன் மாமனார் டொன் எர்னானை நான் நேரில் பார்த்ததில்லை, ஆனால் அவருடைய தொப்பி, மீசை, கோப்பிச் செடி நிற்கிற சரிவு, அந்தப் பழைய ஜீப், எல்லாம் எனக்கு மனப்பாடம். இங்கே குப்பை வாளியை வெளியில் வைக்கச் சொன்னால் உனக்கு மூன்று தரம் சொல்லவேண்டும். குழாய் திருத்தும்போது ரோச் லைற்றைப் பிடி என்றால் பத்து நிமிடம் முகட்டைப் பார்த்து அடித்துக்கொண்டு நிற்பாய். அங்கே என்னடா என்றால், காலை ஆறு மணிக்கு எழும்பி அவரோடு சேர்ந்து வேலி கட்டுகிறாய். வீடியோவில் பார்த்தேன். கம்பியை இழுத்துப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறாய். அவர் உன்னை 'மிஹோ' என்று கூப்பிடுகிறார். அது என்ன சொல் என்று அம்மாவிடம் கேட்டேன். "என்ர பிள்ளை எண்டு அர்த்தமாம்," என்றாள். என் முகத்தைப் பார்த்துவிட்டு, "அங்க எல்லாரும் எல்லாரையும் அப்பிடித்தான் கூப்பிடுகினம், பஸ் ஓட்டுறவன்கூட," என்று சேர்த்துச் சொன்னாள். பஸ் ஓட்டுகிறவன் கூப்பிட்டால் கூப்பிட்டுவிட்டுப் போகட்டும்.

எல்லாவற்றிலும் என்னைப் போட்டு வதைத்தது ஒரு படம். நீ போய் இறங்கிய கிழமை, ஞாயிற்றுக்கிழமை, உங்களுக்காக அவர் வீட்டில் ஒரு விருந்து வைத்தார் அல்லவா? சொந்தக்காரர் முப்பது நாற்பது பேருக்கு நடுவில் நீ நிற்கிறாய். உன் மேலில் அவருடைய சட்டை. மண்ணிறத்தில் வெள்ளைக் கட்டம் போட்டது, தோளில் தொங்குகிறது, கையை இரண்டு மடிப்பு மடித்து விட்டிருக்கிறாய். அவர் உன் தோளில் கை போட்டுக்கொண்டு நிற்கிறார். உன் அம்மா அதைப் பெரிதாக அடித்து ஃபிரிட்ஜில் ஒட்டிவிட்டாள். மூன்று வருடமாக நான் பால் எடுக்கப் போகிற ஒவ்வொரு தரமும் அந்தச் சட்டை என்னைப் பார்க்கிறது. இரண்டு தரம் அதைக் கழற்றி மேசை லாச்சிக்குள் போட்டேன். இரண்டு தரமும் அவள் எடுத்துத் திரும்ப ஒட்டினாள், ஏன் கழற்றினீர்கள் என்று கேட்கவுமில்லை.

பெப்ரவரியில் போய் மார்ச்சில் திரும்பி வந்த உன் அம்மாவைப் பார்த்தும் எனக்கு எரிந்தது, அதையும் சொல்லிவிடவேண்டும். கறுத்து மினுங்கிக்கொண்டு வந்தாள். வந்த அன்றே தேத்தண்ணி வேண்டாம், கோப்பி என்றாள். வாய்க்கு வாய் "எர்னான் அண்ணை, எர்னான் அண்ணை." எர்னான் அண்ணைக்கு உறைப்பு ஒத்துவராதாம். எர்னான் அண்ணை மனைவி செத்த பிறகு தானே சமைக்கிறவராம். நான் முப்பத்தைந்து வருடம் அவளோடு குடும்பம் நடத்துகிறேன், எனக்கு எது ஒத்துவராது என்று எவரிடமும் அவள் சொல்லிக் கேட்டதில்லை. அதுகூடப் பரவாயில்லை. நீ இருக்கிற அறை எப்படி இருக்கும், யன்னலால் பார்த்தால் என்ன தெரியும், உன் செருப்பு எந்த மூலையில் கிடக்கும் என்றெல்லாம் அவளுக்குத் தெரியும். "தம்பி அங்கயும் செருப்பை வாசலில குறுக்கால போட்டிட்டுத்தான் உள்ள வாறான்," என்று சிரித்தாள். நானும் சிரித்தேன். பிறகு குளியலறைக்குள் போய்த் தண்ணியைத் திறந்துவிட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன்.

நாலாவது தரம் நீ கூப்பிட்டபோது உன் மாமனாரும் சேர்ந்து கூப்பிட்டார். அவர் சொல்லச் சொல்லப் பவோலா ஸ்பானியத்திலேயே எழுதி அனுப்பியிருந்தாள். இந்த நாட்டுக்கு வந்த புதிதில் பிரெஞ்சு வகுப்பில் எட்டு மாதம் இருந்தவன் நான். ஸ்பானியமும் பிரெஞ்சும் அண்ணன் தம்பிதானே என்று சொல்லி, உன் அம்மாவிடம் கொடுக்காமல் நானே வாசித்தேன். எப்போது விருப்பமோ அப்போது வரட்டும், ஆனால் 'இன்வியேர்னோ'வில் வேண்டாம் என்று இருந்தது. பிரெஞ்சில் 'ஈவேர்' என்றால் விண்டர். இது அதன் தம்பி, சந்தேகமே இல்லை. விண்டரில் வரவேண்டாமாம்! எனக்கு உச்சந்தலையில் ஏறியது. விண்டரில்தானே கனடாக்காரர் எல்லோரும் குளிருக்கு ஒளிக்கத் தெற்கே ஓடுகிறார்கள்? ஓசியில் வெய்யில் காய வருகிற ஆள் என்று என்னையும் நினைத்துவிட்டார். உடனே உனக்கு ஃபோன் அடித்தேன். "உன்ர மாமனாரிட்டச் சொல்லு, நான் நாப்பது விண்டர் பாத்தனான், ஒருத்தற்ற வீட்டிலயும் போய்க் குளிருக்கு ஒளிக்கிற எண்ணம் எனக்கில்லை எண்டு." நீ, "என்னப்பா சொல்லுறியள்? ஆர் ஒளிக்கச் சொன்னது?" என்று கேட்டுக்கொண்டிருக்க, ஃபோனை வைத்துவிட்டேன்.

பக்கத்தில் நின்று கேட்ட உன் அம்மா ஃபோனை வாங்கிப் பார்த்தாள். பார்த்துவிட்டுச் சிரித்தாளே ஒரு சிரிப்பு, சோபாவில் இருந்துவிட்டாள். "விசர் மனிசன்! அங்க ஏதப்பா விண்டர்? அவையளுக்கு மழைக்காலம்தான் இன்வியேர்னோ. மாரி, மாரி! ஒக்டோபர் நவம்பரில ஒரு மழை, பேந்து காய்ஞ்சு, பேந்து ஏப்ரல் பக்கம் இன்னொண்டு. றோட்டெல்லாம் சேறு, மண் சரியும். உங்கட முழங்காலோட வழுக்கி விழுந்திடுவியள் எண்டு அந்த மனிசன் பயந்து சொல்லியிருக்கு." முழங்கால்! எனக்கு முழங்காலில் ஒரு கோதாரியும் இல்லை, தம்பி. நான் சொன்ன பொய்யை நம்பி, அந்த மனிதர் என் முழங்காலுக்காகக் கவலைப்பட்டிருக்கிறார். வேறு யாராவது என்றால் அந்த இடத்தில் வெட்கப்பட்டு, ஃபோனை எடுத்து மன்னிப்புக் கேட்டிருப்பார்கள்.

எனக்கு வெட்கத்துக்கு முதல் வேறொன்று வந்தது. மாரி என்ற சொல்லை நான் உனக்குச் சொல்லித் தரவே இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. நீ இங்கே பிறந்தவன். உனக்கு நான் பழக்கியது பனி வழிக்கவும், சப்பாத்துக்குமேல் சப்பாத்துப் போடவும், மெட்ரோவில் மாறி ஏறவும்தான். போன ஒக்டோபரில் தகரக் கூரையில் மழை கொட்டுகிற வீடியோ ஒன்று அனுப்பினாய். உன் குரல் பின்னால் கேட்கிறது: "அப்பா, சத்தத்தைக் கேளுங்கோ! மூண்டு நாளா விடேல்லை!" யாழ்ப்பாணத்தில் மாரியும் அதே மாதம்தான். இருபத்துமூன்று வருடம் அதற்குள் நனைந்த நான் உனக்கு அதைக் காட்டவில்லை, எவரோ ஒரு எர்னான் காட்டிவிட்டார். ஊர் நினைப்பில் உருகி இதை எழுதுகிறேன் என்று நினைக்காதே. ஊர் தன்பாட்டில் கிடக்கட்டும். என் மகனுக்கு நான் காட்டவேண்டியதை இன்னொருவர் காட்டிவிட்டார் என்ற எரிச்சல், அவ்வளவுதான். எரிச்சலில் உனக்கு இரண்டு கிழமை ஃபோன் எடுக்கவில்லை. அதன் பிறகுதான் உன் கடைசிக் குரல்பதிவு வந்தது.

இந்தக் குணம் எனக்கு நேற்று வந்ததில்லை. உனக்கு ஆறு வயது இருக்கும், ஜான்-டலோன் சந்தையில் உன்னைத் தொலைத்தேன். தக்காளிப் பெட்டி ஒன்றைத் தூக்கிக்கொண்டு திரும்பினேன், உன்னைக் காணவில்லை. ஒவ்வொரு கடையாக ஓடினேன். எனக்குத் தெரிந்த பிரெஞ்சு எல்லாம் மறந்து தமிழிலேயே கத்திக்கொண்டு ஓடினேன். கடைசியில் பழக்கடை ஒன்றுக்குப் பின்னால், கவிழ்த்து வைத்த பெட்டியில் நீ குந்திக்கொண்டு இருக்கிறாய். கடைக்கார மனிதர் வெட்டிக் கொடுத்த பீச் பழம் கையில், சாறு முழங்கைவரை வழிகிறது. அவரோடு பிரெஞ்சில் கதைத்துச் சிரிக்கிறாய். என்னைக் கண்டதும், "அப்பா, நீங்கள் எங்க போனனீங்கள்?" என்று கேட்டாய். உன் முதுகில் ஓங்கி ஒன்று போட்டேன். அந்த மனிதர் என்னைப் பார்த்த பார்வை இப்போதும் நினைவிருக்கிறது. தொலைந்து போனதற்கு அடித்தேன் என்று உன் அம்மாவிடம் சொன்னேன். அது இல்லை. நீ அழவில்லை, அதற்குத்தான் அடித்தேன். என்னைக் காணாமல் நீ அழுதிருந்தால் தூக்கிக் கொஞ்சியிருப்பேன்.

இனிச் சொல்லப்போவது உன் அம்மாவுக்கும் தெரியாது. இந்த இடத்துக்கு வருகிறபோது அவள் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்ப்பாள், பார்க்கட்டும். நீ பெரெய்ராவுக்குப் புறப்பட்ட அன்றைக்கு எனக்கு லீவு கிடைக்கவில்லை, வழியனுப்ப வரமுடியவில்லை என்று சொன்னேன் அல்லவா? நான் லீவு கேட்கவில்லை. கூட வேலைசெய்த ஒருவரோடு ஷிஃப்டை மாற்றி, உன் விமானத்துக்குப் பெட்டி ஏற்றுகிற வேலையைக் கேட்டு வாங்கினேன். மேலே உன் அம்மா உன்னைக் கட்டிப்பிடித்து அழுத நேரம், நான் உங்களுக்கு நேர் கீழே, பெட்டிகள் வந்து விழுகிற இடத்தில் நின்றேன். உன் பச்சைப் பெட்டி வந்தது. அவள் கைபிடியில் கட்டிவிட்ட சிவப்பு நூலைப் பார்த்தேன். அதற்குள் உன் பட்டு வேட்டியும் சட்டையும் இருந்தன. விருந்தில் நாலு பேருக்கு முன்னால் எங்கள் பிள்ளை எங்கள் உடுப்போடு நிற்கவேண்டும் என்று நானே மடித்து வைத்தது. அந்தப் பெட்டியை நான் வண்டியில் ஏற்றவில்லை. வழிதவறிய பெட்டிகள் வைக்கிற அறைக்குக் கொண்டுபோய், பின்வரிசையில் வைத்தேன்.

ஏன் என்று கேட்பாய். நீ எனக்கு ஃபோன் எடுக்கவேண்டும், அதற்காக. அங்கே போய் இறங்குவாய், பெட்டி வராது, பயந்துபோவாய். ஊர் உலகமெல்லாம் கேட்கிறதை நீயும் ஒரு தரம் கேட்பாய், "அப்பா, பெட்டி வரேல்லை, ஒருக்காப் பாருங்கோ" என்று. நான், "பயப்பிடாதை, அப்பா இருக்கிறன்," என்று சொல்லிவிட்டு, ஒரு மணித்தியாலத்தில் கண்டுபிடித்து அடுத்த விமானத்தில் ஏற்றிவிடுவேன். இவ்வளவுதான் என் திட்டம். இப்படி ஒரு மடைத்தனத்தைச் சின்னப்பிள்ளைகூடச் செய்யாது. முதல் நாள் நீ எடுக்கவில்லை. இரண்டாம் நாள் உன் அம்மாவிடம், "தம்பி ஒண்டும் சொல்லேல்லையோ?" என்று சும்மா கேட்கிற மாதிரிக் கேட்டேன். "பெட்டி பிந்தித்தான் வருமாம், பரவாயில்லையாம்," என்றாள். மூன்றாம் நாளும் எடுக்கவில்லை. நாலாம் நாள் நானே போய் அந்தப் பெட்டியை எடுத்து ஏற்றிவிட்டேன். அது விமானத்தில் இருக்கிறபோதுதான் ஞாயிற்றுக்கிழமை விருந்துப் படம் வந்தது.

அந்தச் சட்டையை உனக்குப் போட்டுவிட்டது நான்தான், தம்பி. மாற்றுத்துணி இல்லாமல் வந்து நின்ற பிள்ளைக்கு அந்த மனிதர் தன்னிடம் இருந்ததில் நல்லதை எடுத்துக் கொடுத்திருக்கிறார். நான் அவரை மூன்று வருடம் மனதுக்குள் திட்டிக்கொண்டிருந்தேன். இருபத்தாறு வருடத்தில் ஒருவருடைய பெட்டியிலும் நான் கைவைத்ததில்லை. கைவைத்த ஒரேயொரு பெட்டி என் பிள்ளையுடையது. வேலையில் யாருக்கும் தெரியாது. தெரிந்திருந்தால் அன்றைக்கே என்னை வேலையைவிட்டு அனுப்பியிருப்பார்கள், அனுப்பியிருக்கவும் வேண்டும்.

இப்படிப்பட்டவன் உனக்குப் புத்தி சொல்ல என்ன தகுதி என்று நீ கேட்கலாம். ஆனாலும் தகப்பன், வாய் சும்மா இருக்காது. உனக்குக் கோபம் வந்தால் கோபம் என்று சொல். பவோலா உன்னைவிட்டு வேறு யாரோடாவது அதிகம் சிரித்துக் கதைத்து உனக்கு எரிந்தால், எரிகிறது என்று அவளிடமே சொல். எனக்கு வேலை இருக்கிறது, தலை இடிக்கிறது, வெளியில் வெய்யில் கூட என்று சாட்டுச் சொல்லாதே. முதல் சாட்டு சின்னதாக இருக்கும். அதைக் காப்பாற்ற இரண்டாவது வேண்டும், பிறகு உனக்கே எது உண்மை என்று தெரியாமல் போய்விடும். நான் முழங்கால் நோகிறது என்று சொல்லிச் சொல்லி, போன மாதம் படியில் நொண்டி ஏறினேன். பிறகு, யாராவது உன்னிடம் உதவி கேட்கவில்லை என்றால் அவர்களுக்கு நீ வேண்டாம் என்று நினைத்துவிடாதே. இது எனக்கு இன்னும் சரியாகப் பிடிபடவில்லை, நீயாவது இளவயதில் பழகிக்கொள்.

சரி, உன் கேள்விக்கு வருகிறேன். எந்தக் காலம் நல்லது? இருபத்தாறு வருட அனுபவத்தையும் போட்டு யோசித்தேன். டிசம்பரும் ஜனவரியும் வேண்டாம், ஜூலையும் வேண்டாம். வானம் வெளித்த காலத்தில் வந்தால் என்னை ஜீப்பில் ஏற்றி ஊர் காட்டக் கூட்டிக்கொண்டு போவீர்கள். உன் அம்மாவுக்கு அதுதான் நடந்தது. வெந்நீர் ஊற்றில் நிற்கிறாள், உயரமான பனைமரங்களுக்குக் கீழே நிற்கிறாள், குருவி பார்க்கிறாள். நூற்றுக்கணக்கான படம் கொண்டுவந்தாள், அதில் ஒன்றில்கூட நீங்கள் இரண்டு பேரும் சும்மா இருந்து கதைக்கிற படம் இல்லை. எனக்கு ஒன்றும் பார்க்கத் தேவையில்லை. ஒக்டோபர் கடைசியில் வருகிறேன், உன் மாமனார் வேண்டாம் என்று சொன்ன அதே மாரியில். றோட்டு சேறாகக் கிடக்கும், எங்கேயும் போக ஏலாது. நீ வீட்டில் இருந்து வேலை செய்வாய், நான் பக்கத்தில் கதிரையைப் போட்டுக்கொண்டு இருப்பேன். கோப்பி பழுக்கிற காலமும் அதுதான் என்று அம்மா சொன்னாள். மழை விடுகிற நேரமெல்லாம் உன் மாமனார் சரிவில் நிற்பார், வீட்டில் நீயும் நானும்தான். பார்த்தாயா, இதற்குள்ளும் ஒரு கள்ளக் கணக்கு வைத்திருக்கிறேன். நான் திருந்திவிட்டேன் என்று உனக்கு எழுதமாட்டேன்.

அவரிடம் நான் செய்ததை நானே சொல்லுவேன். நீ முந்திச் சொல்லாதே. எனக்கு அவருடைய பாஷை தெரியாது, என் அரைகுறைப் பிரெஞ்சைக் கொண்டுபோய் இன்னொரு கூத்து ஆடவும் மாட்டேன். நான் தமிழில் சொல்லச் சொல்ல, நீ அவருக்குச் சொல்லவேண்டும். நடுவில் நிறுத்தாதே, எனக்காக ஒரு சொல்லையும் மென்மைப்படுத்தாதே. அவர் எனக்கு முன்னால் உன்னை 'மிஹோ' என்று கூப்பிட்டால் என் முகம் கறுக்கும், அதை மட்டும் நீ கவனிக்காத மாதிரி இருந்துகொள்.

விமான ரிக்கற் எடுத்துவிட்டேன். இனிக் கேட்கமாட்டேன் என்று நீ சொன்னாய், நானும் உன்னைக் கேட்காமலே எடுத்தேன். இதை வாசித்துவிட்டு உனக்கு என்மேல் வெறுப்பு வரலாம். இந்த மனிதனுடைய முகத்தில் முழிக்கக்கூடாது என்று தோன்றலாம். அதனால், "நீ விமான நிலையத்துக்கு வராவிட்டாலும் பரவாயில்லை, நான் ஒன்றும் நினைக்கமாட்டேன், விசாரித்து வந்து சேருவேன்" என்று இந்த இடத்தில் நாலு வரி எழுதியிருந்தேன். திரும்ப வாசித்துப் பார்த்து வெட்டிவிட்டேன். பொய். நினைப்பேன். கோபம் வரும், வயிறு எரியும், அந்த வாசலிலேயே நின்று ஊர் பார்க்க அழுவேன். வந்து நில், தம்பி.

அப்பா